மொத்தம் ஏன் மாறவில்லை?

அன்புள்ள அண்ணா,

ஏ.எல். (உயர்தரப்) பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். மாமா மருதமுனைச் சாரங்கள் (லுங்கிகள்) விற்கிறார். அவருக்காக ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் ஒரு விலைப் பக்கம் செய்கிறேன். ஒரு சாரம் 1500 ரூபாய். எண்ணிக்கை 2 என்று எழுதியபோது மொத்தம் 3000 வந்தது. நிரலில் கீழே ஒரு வரியில் எண்ணிக்கையை 5 ஆக்கினேன்; மொத்தம் அதே 3000. அனுப்பும் செலவு 400 ரூபாயைக் கட்டத்தில் அடித்துக் கூட்டினால் 3000400 வருகிறது. மாறி, அதாவது நிரலில் ஒரு மதிப்பைத் தாங்கும் பெயர், ஒரு பெட்டி என்று வகுப்பில் சொன்னார்கள். எனக்கு விளங்கவில்லை.

வாசகி, களுவாஞ்சிகுடி

அன்புள்ள தங்கச்சி,

பெட்டி என்று சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடிப்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதை அது காட்டும். எப்போது வைத்தோம் என்பதைக் காட்டாது. உங்கள் முதல் சிக்கல் முழுவதும் அந்த 'எப்போது'வில்தான் இருக்கிறது.

கணக்குப் பாடத்தில் சமன் குறி போட்டால் இரண்டு பக்கமும் எப்போதும் ஒன்று. நிரலில் அது ஒரு கட்டளை: வலப்பக்கத்தை இப்போதே கணக்கிடு, வந்த விடையை இடப்பக்கப் பெயரில் வை. 'மொத்தம் = விலை * எண்ணிக்கை' (* என்றால் பெருக்கல்) என்ற வரி ஓடும்போது எண்ணிக்கை 2. மொத்தத்தில் 3000 என்ற எண் மட்டும் தங்கியது. அது வந்த வழி தங்கவில்லை. பிறகு எண்ணிக்கை 5 ஆனாலும் மொத்தம் தானாக அசையாது. எக்ஸெலில் ஒரு கலத்தை மாற்றினால் சூத்திரம் போட்ட கலமும் கூடவே மாறும். அந்தப் பழக்கத்தில் வருகிறவர்கள் பலர் இங்கே தடுமாறுகிறார்கள். பொத்தானை அழுத்தும்போது ஓடும் செயற்கூறுக்குள் (function, பெயர் வைத்த கட்டளைத் தொகுப்பு) அந்த வரியைப் போடுங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதிதாகக் கணக்கிடும்.

இரண்டாவது சிக்கல் வேறு. கட்டத்தில் அடிப்பது எதுவானாலும் ஜாவாஸ்கிரிப்டுக்கு அது எழுத்துதான். எண்ணோடு எழுத்தைக் கூட்டச் சொன்னால் இரண்டையும் ஒட்டிவிடும். பெருக்கச் சொன்னால் அதுவே எழுத்தை எண்ணாக மாற்றிக்கொள்ளும். அதனால் எண்ணிக்கையைக் கட்டத்திலிருந்து எடுத்தாலும் பெருக்கல் சரியாகவே வரும். கூட்டல் மட்டும் பிழையாகும். இதைக் கண்டுபிடிப்பது புதியவர்களுக்கு உண்மையிலேயே கஷ்டம். கட்டத்திலிருந்து எடுத்த உடனேயே 'நம்பர்' (Number) செயற்கூறால் எண்ணாக்கிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: மாறிகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம், ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்ளும். நடுவில் இடைவெளி கூடாது, இலக்கத்தில் தொடங்கக் கூடாது. படிக்கும் காலத்தில் இது பெரிய உதவி என்று நினைக்கிறேன். அப்புறம், மாறியை உருவாக்கும்போது பெயருக்கு முன்னால் போடும் சொல்: மாறாத விலைக்குக் 'கான்ஸ்ட்' (const), மாறும் எண்ணிக்கைக்கு 'லெட்' (let). இரண்டும் 2015இல் வந்தவை. பழைய பாடங்களில் அவற்றின் இடத்தில் 'வார்' (var) இருக்கும். படிக்கும்போது புரிந்தால் போதும், நீங்கள் எழுத வேண்டாம்.

சரி, இரண்டையும் திருத்திவிட்டு 5 சாரமும் 400 ரூபாய் அனுப்பும் செலவும் போட்டுப் பாருங்கள். 7900 வரவேண்டும். வராவிட்டால் அந்தச் செயற்கூறை அப்படியே எனக்கு அனுப்புங்கள்.