துணைமின் நிலையத்தில் எல்லா ரிலேக்களும் ஒரே நேரம் காட்டுவது எப்படி?

திருநெல்வேலி பக்கத்து அபிஷேகப்பட்டி மாதிரி பெரிய துணைமின் நிலையங்களில் கூரைமேல் ஒன்றிரண்டு ஜிபிஎஸ் ஆன்டெனாதான் இருக்கும், பிறகு உள்ளே இத்தனை ரிலேக்களுக்கும் (லைனில் கோளாறு வந்தால் கண்டுபிடித்துத் துண்டிக்கச் சொல்லும் பாதுகாப்புக் கருவிகள்) நேரம் எப்படிப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆன்டெனாவுக்குக் கீழே இருப்பது மாஸ்டர் கடிகாரம். செயற்கைக்கோளிலிருந்து நொடிக்கு ஒரு துடிப்பை எடுத்து, தன் குவார்ட்ஸ் ஆசிலேட்டரை (சீராக அதிர்ந்து நேரம் காட்டும் படிகம்) அதோடு இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். பிறகு ஐரிக்-பி என்ற டைம்கோடாக, அதாவது நேரத்தை 0, 1 ஆகச் சொல்லும் குறியீடாக மாற்றிக் கேபிளில் அனுப்பும். நொடிக்கு 100 துடிப்புகள்: 2 மில்லிநொடி அகலம் என்றால் 0, 5 என்றால் 1, 8 என்றால் எல்லைக்குறி. அடுத்தடுத்து இரண்டு எல்லைக்குறி வந்தால் புது நொடி பிறந்துவிட்டது. ரிலே அதைப் படித்துத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும்.

இவ்வளவு துல்லியம் எதற்கு? ஐப்பசி இடிமழையில் லைனில் மின்னல் விழுகிறது என்று வையுங்கள். அதன் அலை லைனின் இரு முனைக்கும் வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் இடத்தைக் கணக்கிடுகிறார்கள். இரு முனைக் கடிகாரங்களுக்கும் இடையே 1 மைக்ரோநொடி பிசகினால் ஏறக்குறைய 150 மீட்டர் தள்ளிப்போகும். லைன்மேன் வேறு கோபுரத்தில் ஏறிக்கொண்டிருப்பார்.

சிக்னல் போகும் கேபிளும் மீட்டருக்குச் சுமார் 5 நானோநொடி தின்னும். நீளம் அதிகமென்றால் அந்தத் தாமதத்தை ஈடுகட்டியாக வேண்டும்.

ஜிபிஎஸ் போய்விட்டால்? ஆசிலேட்டர் கொஞ்ச நேரம் தாங்கும், மெல்ல விலகும்.

ஆனால் அடிக்கடி வரும் தொல்லை வேறு: இந்திய நேரத்துக்காக உலகப் பொது நேரத்தோடு (யுடிசி) கூட்ட வேண்டிய 5.30 மணியை மாஸ்டரும் கூட்டி, ரிலேயும் கூட்டிவிடும். ஒரே இடத்தில் மட்டும் கூட்டுங்கள்.