வாசகர் கேள்வி – பதில்: நோயாளி அறையில் ஒப்புக்கொடுத்தல்

கேள்வி: பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்ட கணவரைப் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிறு பூசைக்குக்கூடப் போக முடியவில்லை. 'துன்பத்தைக் கடவுளுக்கு ஒப்புக்கொடு' என்கிறார்கள். எப்படி ஒப்புக்கொடுப்பது? இதற்கெல்லாம் என்ன அர்த்தம்?
– வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: முதலில் அந்தக் குற்ற உணர்வை இறக்கி வையுங்கள், அம்மா. நோயாளியை விட்டு நகர முடியாதவர் பூசையைத் தவறவிடுவது பாவமல்ல. நற்கருணை, அதாவது பூசையில் இயேசுவின் உடலாகப் பெறும் அப்பம், வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் உண்ணக்கூடாது என்ற விதியில் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் அதே விலக்கைத் தருகிறது திருச்சபைச் சட்டம் 919. சட்டமே உங்களை அவர் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறது.

வீட்டுக்கு நற்கருணை கொண்டுவரப் பங்குத்தந்தையைக் கேளுங்கள். சிறு மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்), மெழுகுதிரி போதும். விழுங்கச் சிரமமென்றால் முன்பே சொல்லுங்கள். அப்பத்தில் மிகச் சிறு துண்டு போதும். நோயில்பூசுதல், அதாவது குருவானவர் நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கு, சாகும் நேரத்துக்கு மட்டுமானதல்ல. நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம்.

காணிக்கை நேரத்தில் குருவானவர் திராட்சை இரசத்தில் துளித் தண்ணீர் சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். சேர்ந்தபின் அதைப் பிரிக்க முடியாது. ஒப்புக்கொடுப்பது அதுதான். காலையில் அவரைத் திருப்பிப் படுக்கவைக்கும் முன், "இயேசுவே, இதை உம்முடைய பலியோடு சேர்த்துக்கொள்ளும்" என்று சொல்லுங்கள். யாருக்காக என்று ஒரு பெயரும் சொல்லுங்கள்: வேலையிழந்த உறவினர், பரீட்சை எழுதும் பிள்ளை. பவுல் சிறையிலிருந்து எழுதும்போதும் தம் துன்பம் சபைக்காக என்றுதான் எழுதுகிறார் (கொலோசையர் 1:24).

தனியாகவே சுமப்பேன் என்று மட்டும் பிடிவாதம் பிடிக்காதீர்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: தூக்கம் கெடும், நோயாளியிடமே எரிந்துவிழுவோம், பிறகு அழுவோம். இயேசுவின் சிலுவையையே சிரேன் ஊர் சீமோன் சுமக்கவில்லையா? பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியத்தில் கேளுங்கள். 'உதவி வேண்டும்' என்றால் யாரும் வரமாட்டார்கள். 'புதன் மூன்றிலிருந்து ஐந்து மணிவரை இவர் பக்கத்தில் இருப்பீர்களா' என்றால் வருவார்கள்.

நம்பிக்கை எங்கே என்றால், நீங்கள் தினமும் துடைத்துவிடும் அந்த உடலே உயிர்க்கும் என்பதுதான் நம் விசுவாசப் பிரமாணம்.

கேள்வி: வயது 62, சர்க்கரை நோய். தவக்காலத்தில் ஒருசந்தி இருக்க முடியவில்லையே?
– வாசகர், திருச்சி

பதில்: ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு சாப்பிடும் கடமை, 18 வயதில் தொடங்கி 59 நிறைந்ததும் முடிந்துவிடுகிறது. சுத்தபோசனம், அதாவது இறைச்சியைத் தவிர்ப்பது, 14 வயதிலிருந்து எல்லோருக்கும் உண்டு. அதை நீங்கள் தாராளமாகக் கடைப்பிடிக்கலாம். வெள்ளியன்று ஆட்டுக்கறியை விட்டு அதே விலைக்கு வஞ்சிரம் வாங்குவது சட்டப்படி சரிதான், ஆனால் அதில் யாருக்கும் ஒன்றும் போய்ச் சேரவில்லை. கறிக்கான பணத்தை அன்றே உண்டியலில் போடுங்கள். எசாயா 58 கேட்கும் நோன்பு பசித்தவரோடு உணவைப் பகிர்வது. மாத்திரையையும் நேரத்துச் சாப்பாட்டையும் தவறவிடாதீர்கள்.