'எல்லோருக்குமான சாலை' என்றால் என்ன? அதை ஏன் மாநில அரசிடம் கேட்கிறார்கள்?

நடப்பவர், சைக்கிளில் போகிறவர், பஸ்ஸுக்கு நிற்பவர், கார் ஓட்டுபவர் என யாரும் பயமில்லாமல் போய்வரும்படி அமைத்த சாலை அது. காரை மட்டும் மனதில் வைத்துச் சாலை போடுவது, வீட்டில் எல்லோருக்கும் அப்பாவின் அளவிலேயே செருப்பு வாங்குவது மாதிரி.

முக்கியமான காரணம் வேகம். 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 60-இல் வந்தால், மோதும் ஆற்றல் இரு மடங்கல்ல, நான்கு மடங்கு. வெறும் பெயின்ட் கோடு அதைத் தடுக்காது. உயர்த்திய நடைபாதையும், பாதி கடந்ததும் நிற்க நடுவில் ஒரு திட்டும் வேண்டும்.

சரி, ஏன் மாநிலம்? பெரிய சாலைகளும் அவற்றுக்கான பணமும் பெரும்பாலும் அதன் கையில். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 1971-லேயே, சாலை நிதியில் குறைந்தது 1 சதவீதத்தை நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் ஒதுக்கச் சட்டம் போட்டது.

இது காருக்கு எதிரானது என்பார்கள். இல்லை, காரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறுபவரால் மற்ற கார்களுக்குத்தான் வழி கிடைக்கிறது.