வாசகர் கேள்வி: உறைக்குள் வந்த கை

கேள்வி: விஞ்ஞானிகளும் பண்டிகைக் காலத்தில் நண்பர்களுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார்களா? ஆய்வகத்துக்கு வெளியே அவர்களுக்கு வாழ்க்கை உண்டா?

பதில்: இல்லாமலா! எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன் அனுப்பிய தபாலை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. 1896 புத்தாண்டு நாளில், ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரிலிருந்து, தமக்குத் தெரிந்த இயற்பியலாளர்களுக்கு அவர் உறைகளை அனுப்பினார். உள்ளே எக்ஸ் கதிர் பற்றிய கட்டுரையும் சில படங்களும். அவற்றில் ஒன்றில், ஒரு பெண்ணின் கை எலும்புகள்; விரலில் கரிய வளையமாக மோதிரம். அவருடைய மனைவி பெர்த்தாவின் கை அது. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு எடுத்த படம். அதற்கு முந்தைய வாரங்களில் கணவருக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாமே ஆய்வகத்தில்தான். அத்தனையையும் பொறுத்துக்கொண்ட அந்த அம்மாள், படம் பதியும் ஒளிப்படத் தட்டின் மேல் கையை அசையாமல் வைத்திருந்தார். எத்தனை பெரிய நம்பிக்கை!

பிள்ளையில்லாத இந்தத் தம்பதி, 1887இல் பெர்த்தாவின் சகோதரர் மகளைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். ராண்ட்ஜன் காப்புரிமை கோரவில்லை. 1901இல் கிடைத்த நோபல் பரிசுத் தொகையையும் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்.

கேள்வி: எங்கள் மருத்துவரைப் பண்டிகையன்று தொலைபேசியில் அழைத்து வாழ்த்தலாமா?

பதில்: எழுதி அனுப்புங்கள். அன்றும் அவர் அவசரப் பிரிவில் நின்றுகொண்டிருக்கலாம். வாழ்த்தோடு மருந்துச் சந்தேகத்தைச் சேர்க்காதீர்கள். அவர் பார்த்த நோய் குணமாகியிருந்தால் மட்டும் அதை ஒரு வரி எழுதுங்கள்.