உங்களை எதிர்பார்த்து யார் இருக்கிறார்?

கேள்வி: 34 ஆண்டுகள் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தேன். கடைசி 9 ஆண்டுகள் மேற்பார்வையாளர். ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. ஓய்வூதியம் போதுமானதாக வருகிறது, உடம்புக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. முதல் மூன்று மாதம் சந்தோஷமாகப் போனது. பிறகு மாடித்தோட்டம் போட்டேன், கீபோர்டு வகுப்பில் சேர்ந்தேன், இணையத்தில் ஸ்பானிஷ் படித்தேன், ஓவியம் வரைந்து பார்த்தேன். எதுவும் மூன்று வாரத்துக்கு மேல் நிற்கவில்லை. காலையில் கண் விழித்தால் எதற்கு எழ வேண்டும் என்று தோன்றுகிறது. மிச்சமிருக்கும் வாழ்க்கைக்கு ஒரு நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நான்கு பொழுதுபோக்குகளை எழுதியிருக்கிறீர்கள். நான்கிலும் உங்களுக்காகக் காத்திருக்கும் ஒரு மனிதர்கூட இல்லை. நீங்கள் வகுப்புக்குப் போகாவிட்டால் எவருடைய வேலையும் நிற்காது. செடி வாடினால் யாரும் போன் செய்து கேட்கப் போவதில்லை. 34 ஆண்டுகள் உங்கள் போன் எப்படி அடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஓர் இயந்திரம் நின்றால் ஒரு வரிசையே நிற்கும், உங்களைத்தான் தேடுவார்கள். அந்தத் தேடல் போய்விட்டது. கீபோர்டால் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

முதல் மூன்று மாதம் இனித்து, பிறகு கசந்தது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. ஓய்வு வாழ்க்கையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டிய சமூகவியலாளர் ராபர்ட் ஆட்ச்லி, தேனிலவுக் கட்டம், அதன்பின் ஏமாற்றக் கட்டம், அதற்கும் பின் வாழ்க்கையைத் திருத்தி அமைத்துக்கொள்ளும் கட்டம் என்று 1976-லேயே எழுதினார். எல்லாரும் எல்லாக் கட்டத்தையும் கடப்பதில்லை என்றாலும், நீங்கள் இரண்டாவதில் நிற்கிறீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

நேரம் கிடைத்தால் எல்லாம் செய்யலாம் என்பது வேலையில் இருக்கும்போது எல்லாருக்கும் உள்ள நினைப்பு. ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற சிற்றூரில் நெசவாலை மூடப்பட்டு, ஏறக்குறைய ஊரே வேலை இழந்தது. சமூக உளவியலாளர் மரீ யஹோதாவும் அவருடைய சகாக்களும் அங்கே தங்கி ஆராய்ந்து 1933-இல் நூலாக வெளியிட்டார்கள். கைநிறைய நேரம் இருந்தும் நூலகத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட புத்தகங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. தெருவில் ஆண்களின் நடை தளர்ந்திருந்தது, அடிக்கடி நின்றார்கள். வீட்டு வேலை காத்திருந்த பெண்கள் விரைவாகவே நடந்தார்கள். அவர்களை வாட்டிய வறுமை உங்களுக்கு இல்லை, அதனால் இரண்டையும் ஒன்றாக்க மாட்டேன். ஆனால் யஹோதா பின்னாளில் எடுத்துச் சொன்னது உங்களுக்கு அப்படியே பொருந்தும். சம்பளத்தைத் தவிர வேலை ஐந்து விஷயங்களைச் சத்தமில்லாமல் தருகிறது: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதப் பழக்கம், பலர் சேர்ந்து ஒரு காரியத்தை முடிக்கும் உணர்வு, 'இன்னார்' என்ற அடையாளம், சும்மா இருக்கவிடாத ஒரு கட்டாயம். உங்கள் நான்கு முயற்சிகளையும் இந்த ஐந்தோடு வைத்துப் பாருங்கள். வகுப்பு, முதல் இரண்டில் கொஞ்சம் தந்திருக்கும். கடைசி மூன்றை எதுவும் தரவில்லை.

எனவே நோக்கத்தைத் தேடுவதை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, ஒரு பொறுப்பைத் தேடுங்கள். அது சிறிதாகவே இருக்கட்டும். அதற்குக் கிழமையும் மணியும் குறித்திருக்க வேண்டும். நீங்கள் வராவிட்டால் ஒருவருக்காவது சிரமமாக வேண்டும். வீட்டுக்குத் திரும்பும்போது 'இன்று இது முடிந்தது' என்று சுட்டிக்காட்ட ஒன்று இருக்க வேண்டும்.

எங்கே தேடுவது? ஒரு நோட்டை எடுத்து, இத்தனை ஆண்டுகளில் உங்கள் கை செய்த வேலைகளை 20 வரிகளில் எழுதுங்கள். பதவியை எழுதாதீர்கள். 'மேற்பார்வையாளர்' என்பதை வைத்து வெளியில் ஒன்றும் செய்ய முடியாது. தேய்ந்த பேரிங்கைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பது, உதிரிபாகக் கணக்கு வைப்பது, பழுதாகும் முன்பே பார்க்க அட்டவணை போடுவது, புதிதாக வந்த பையனுக்கு மல்டிமீட்டரை எங்கே வைத்து அளப்பது என்று காட்டுவது, இப்படி. அடுத்து, இனி செய்யவே வேண்டாம் என்று தோன்றுபவற்றை அடித்துவிடுங்கள், அதில் நீங்கள் கெட்டிக்காரராக இருந்தாலும் சரி. இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். நன்றாக வருகிறது என்பதற்காகவே, அலுத்துப்போன வேலையை மறுபடி தலையில் போட்டுக்கொண்டு ஆறு மாதத்தில் ஓடிவிடுகிறார்கள். மிஞ்சும் ஐந்தாறு வரிக்கு எதிரே, இது யாருக்குத் தேவைப்படும் என்று எழுதுங்கள்.

உங்கள் கைக்குப் பொருத்தமான ஒன்றை நானே சொல்கிறேன். 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டீன் போஸ்ட்மா என்பவர் தொடங்கிய பழுது நீக்கும் முகாம், இன்று பல நாடுகளில் நடக்கிறது. உடைந்த பொருளோடு ஆட்கள் வருவார்கள். தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களையும் சேர்த்துக்கொண்டு சரிசெய்வார். பக்கத்தில் இருந்தால் போய்ச் சேருங்கள். இல்லாவிட்டால் மூன்று பேர் சேர்ந்தாலே நடத்தலாம். மாதம் ஒரு நாள், 3 மணி நேரம், இரண்டு மேசை. இருவர் பழுது பார்க்க, ஒருவர் வாசலில் உட்கார்ந்து என்ன பொருள், என்ன கோளாறு, எப்போதிலிருந்து என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பொருளுக்கு அரைமணி என்று வைத்தால் கணக்குப்படி 12 பொருள் வரும். நீங்கள் 8-க்கு மேல் வாங்காதீர்கள். திறக்கவே மறுக்கும் மூடியும் கிடைக்காத திருகும் மீதி நேரத்தைத் தின்றுவிடும். ஒருவருக்கு ஒரு பொருள்தான்.

மைக்ரோவேவ் அடுப்பை வாங்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கியில் ஆளைக் கொல்லும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். எரிவாயுக் கருவிகளும் வேண்டாம். உலோக உடல் கொண்ட எதையும் சரிசெய்து கொடுக்கும் முன் 500 வோல்ட் மெகரில் (மின்கசிவைக் காட்டும் சோதனைக் கருவி) காப்புத்தடையைப் பாருங்கள். 1 மெகாஓமுக்குக் குறைவாகக் காட்டினால், அதைப் பயன்படுத்தச் சொல்லித் திருப்பிக் கொடுக்கக் கூடாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரிந்த ஆள் அங்கே தேவை என்பதற்காகவே எழுதுகிறேன்.

அளவு முக்கியம். முதல் 12 வாரத்துக்கு இரண்டு பொறுப்புகளுக்கு மேல் ஏற்காதீர்கள். இரண்டும் சேர்ந்து வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் போதும். காலியான நாளைக் கண்டு பயந்து ஐந்து இடத்தில் பெயர் கொடுப்பவர்கள், இரண்டாவது மாதம் ஐந்திலிருந்தும் விலகுகிறார்கள். மூன்று வாரத்தில் எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு செயல் பழக்கமாக எவ்வளவு நாளாகும் என்று லண்டனில் செய்த ஆய்வில் சராசரி 66 நாள் வந்தது. ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை வேறுபட்டது. அந்தக் கணக்கில் கீபோர்டையும் நீங்கள் சீக்கிரமே மூடிவிட்டீர்கள்.

இனி உங்களிடம் உள்ள ஓர் ஆபத்து. ஒன்பது ஆண்டுகள் மேற்பார்வை பார்த்த கண் எங்கே போனாலும் குறைகளைத்தான் முதலில் பார்க்கும். முதல் எட்டு வாரம் யோசனை எதுவும் சொல்லாதீர்கள். கொடுத்த வேலையைச் செய்யுங்கள். மேசை கோணலாகக் கிடந்தால் கிடக்கட்டும். அங்கே இருப்பவர்கள் சம்பளம் வாங்கவில்லை, உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்களும் இல்லை. ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுவார்கள், அவ்வளவுதான். அதேபோல முதல் ஆண்டில் தலைவர், செயலாளர், பொருளாளர் எதையும் ஏற்க வேண்டாம். ஓய்வு பெற்றவர் என்றாலே அந்த நாற்காலியை நகர்த்தி வைப்பார்கள். அதில் உட்கார்ந்தால் கூட்டமும் சச்சரவும் மிஞ்சும், கைக்கு வேலை இருக்காது. பழைய அலுவலகத்துக்கும் அடிக்கடி போகாதீர்கள். கூப்பிட்டால் போய் உதவுங்கள்.

வீட்டைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. வீட்டில் துணை இருந்தால், இத்தனை காலம் அந்தப் பகல் அவருடையதாக இருந்தது. 'கூடமாட உதவுகிறேன்' என்று நுழைந்து டப்பாக்களை மாற்றி அடுக்காதீர்கள். ஒரு வேலையை, எல்லா பில்களும் என்றோ துணி முழுதும் என்றோ, தொடக்கத்திலிருந்து முடிவுவரை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாக இருந்தால் அதற்கும் கிழமையும் நேரமும் பேசிக்கொள்ளுங்கள். பேசாமல் விட்டால் முழுநேர வேலையாகி, பிறகு மனக்கசப்பில் முடியும்.

கண்ணும் கையும் முன்போல இல்லையே என்ற கவலை வரும். பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் 80 வயதிலும் எப்படி மேடையேறுகிறார் என்று கேட்டபோது சொன்ன வழி, முதுமையை ஆராய்பவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது. வாசிக்கும் உருப்படிகளைக் குறைத்துக்கொண்டார். அந்தச் சிலவற்றைக் கூடுதலாகப் பயின்றார். வேகமான பகுதிக்குச் சற்று முன்னால் வேண்டுமென்றே மெதுவாக வாசித்தார், அடுத்து வருவது விரைவாகக் கேட்டது. நீங்களும் எல்லாப் பழுதையும் பார்க்க வேண்டாம். மூன்று வகைப் பொருளைத் தேர்ந்து அதில் ஆழமாகப் போங்கள். நல்ல விளக்கும் உருப்பெருக்கியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். 'எதற்கு எழ வேண்டும்' என்ற எண்ணம் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இருந்தாலோ, தூக்கமும் பசியும் மாறியிருந்தாலோ, வாழவே வேண்டாம் என்று தோன்றினாலோ, நோட்டை ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை இருக்கிறது. தைராய்டு குறைவும் அதே முகத்தோடு வரும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இந்த வாரம் 20 வரியை எழுதி முடியுங்கள். அடுத்த வாரம் மூன்று இடங்களுக்கு நேரில் போங்கள், வாக்குக் கொடுக்காமல் பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள். மூன்றிலும் ஒரே கேள்வி கேளுங்கள்: "நான் ஒருநாள் வராவிட்டால் என் வேலை என்னாகும்?" யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். "அன்றைக்கு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்" என்று சொல்லும் இடத்தில் கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள்.