கதவில் ஒட்டியிருந்த சீட்டு

அன்புள்ள ஐயா,

போன வாரம் ‘ஐ கேர் எ லாட்’ படம் பார்த்தேன். மார்லா என்ற பெண் தனியாக வாழும் வசதியான முதியவர்களைத் தேடிப் பிடிக்கிறாள். ஒரு டாக்டரைக் கையில் போட்டுக்கொண்டு, ‘இவருக்கு மறதி முற்றிவிட்டது’ என்று சான்றிதழ் வாங்குகிறாள். கோர்ட் அவளையே கார்டியனாக, அதாவது சட்டப்படியான பாதுகாவலராகப் போடுகிறது. ஆளை முதியோர் இல்லத்தில் அடைத்துவிட்டு, வீட்டையும் சாமான்களையும் விற்றுத் தன் ஃபீஸாக எடுத்துக்கொள்கிறாள். மார்லாவாக வரும் ரோசமண்ட் பைக் நடிப்பு பிரமாதம். ஆனால் முதல் அரைமணி நேரத்தை என்னால் நம்பவே முடியவில்லை. பெற்ற பிள்ளை எதிரே நின்று கத்தும்போது, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் தாயை ஒரு நீதிபதி ஒப்படைப்பாரா? அதுவும் அமெரிக்காவில்? மாஃபியா வந்த பிறகுதான் படம் நிஜமாகப் பட்டது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மார்லாவைப் பிடித்திருந்தது. தப்பா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் நம்ப மறுத்த அந்த அரைமணி நேரம் நெவாடா மாநிலத்தில் ஏறக்குறைய அப்படியே நடந்தது. மாஃபியாதான் கற்பனை.

லாஸ் வேகஸ் இருக்கும் கிளார்க் கவுண்டியில் ஏப்ரல் பார்க்ஸ் என்பவர் கார்டியன் வேலையைத் தொழிலாகவே செய்துவந்தார். சுமார் 12 ஆண்டுகளில் 400 பேர் வரை அவர் பொறுப்பில் இருந்திருக்கிறார்கள். 2017 அக்டோபரில் நியூயார்க்கர் இதழ் இதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை போட்டது. அதில் வரும் ஒரு தம்பதியின் கதையை மட்டும் சொல்கிறேன். 2013இல் ஒரு வெள்ளிக்கிழமை. திங்கள்கிழமையும் விடுமுறை என்பதால் அலுவலகம் ஏதும் திறந்திருக்காத நீண்ட வார இறுதி. பார்க்ஸ் வந்து பெல் அடிக்கிறார். கையில் குடும்ப நீதிமன்றத்தின் உத்தரவு. உங்களை இங்கிருந்து அழைத்துப் போகிறேன், துணிமணி எடுத்துக்கொள்ளுங்கள், வரமாட்டேன் என்றால் போலீஸைக் கூப்பிடுவேன் என்கிறார். ஐம்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்த கணவனும் மனைவியும் அன்றே வேறு ஊரில் ஒரு இல்லத்தில். இவர்களுக்குப் பிள்ளை இல்லாமல் இல்லை. மகள் பக்கத்திலேயே இருந்தார், அடிக்கடி வந்து பார்ப்பவர். வழக்கம்போல வந்தவருக்குக் கிடைத்தது பூட்டிய வீடும் கதவில் ஒட்டிய ஒரு சீட்டும்தான். அவசரம் என்றால் கார்டியனைத் தொடர்புகொள்ளவும் என்று அதில் எழுதியிருந்தது.

இது எப்படிச் சாத்தியமானது என்றால், எக்ஸ்பார்ட்டியாக, அதாவது ஒரு தரப்பை மட்டும் கேட்டு. நம் கோர்ட் வாசலில் டீ குடிப்பவர்களுக்குக்கூடத் தெரிந்த வார்த்தை. அன்றைய நெவாடாவில் ஆபத்து, அவசரம் என்று மனு போட்டால், சம்பந்தப்பட்டவருக்கோ குடும்பத்துக்கோ தகவல் போகாமலே தற்காலிக உத்தரவு வாங்கிவிட முடிந்தது. மருத்துவத் தரப்பிலிருந்து ஒரு சின்னக் குறிப்பே போதுமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் வேடிக்கை. கார்டியன் வந்த நிமிடத்திலிருந்து அந்த முதியவருக்கு ஒப்பந்தம் போடும் உரிமை போய்விட்டது. வக்கீல் வைப்பதும் ஒப்பந்தம்தானே? ஆனால் கார்டியனுடைய வக்கீலுக்கு ஃபீஸ் முதியவரின் கணக்கிலிருந்து போனது. கார்டியன் பேசிய போனுக்கு, போய்வந்த நேரத்துக்கு, மகளோடு சண்டை போட்ட நேரத்துக்கும் பில் போட்டார்கள். அவர் காசிலேயே அவருக்கு ஆப்பு. ஒரே நேரத்தைப் பல பேர் கணக்கில் எழுதினார் என்பது பார்க்ஸ் மேல் வந்த புகார்களில் ஒன்று.

இரண்டு வருடம் முன்பு என் பெரியம்மாவை ஒரு நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தேன். இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டார். பெரியம்மாவுக்கு இந்த மாதிரிக் கேள்வியே பிடிக்காது. “பென்ஷன் வந்து நாலு நாள் ஆச்சு, நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க” என்றார். டாக்டர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே சரி என்று டிக் போட்டார். வேறு ஒருவராக இருந்தால் ‘தேதி சொல்லத் தெரியவில்லை, சிடுசிடுக்கிறார்’ என்று எழுதியிருப்பார். அதுவும் பொய்யில்லை. படத்தில் மார்லாவிடம் சிக்கும் முதியவளாக வரும் டயான் வீஸ்ட் வாசலில் நின்று ‘நான் நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று சொல்லும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது இதனால்தான். நன்றாக இருக்கிறேன் என்று அடித்துச் சொன்னால் நோயை உணரவில்லை என்பார்கள், கத்தினால் ஆவேசம் என்பார்கள், பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டாயிற்று.

நீதிபதிகள் இவ்வளவு ஏமாளிகளா என்று கேட்பீர்கள். அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகக் கணக்குப் பார்க்கும் ஜி.ஏ.ஓ. அமைப்பு 2010இல் ஒரு வேலை செய்தது. பொய்ப் பெயரில் ஆட்களை உருவாக்கி, நான்கு மாநிலங்களில் கார்டியன் சான்றிதழுக்கு விண்ணப்பித்தது. அதில் ஒன்று, செத்துப்போன ஒருவருடைய சமூகப் பாதுகாப்பு எண்ணை (நம் ஆதார் எண் மாதிரி) வைத்து. எல்லாம் பாஸ். அந்த நான்கில் நெவாடாவும் உண்டு. அதே அறிக்கையில் 20 வழக்குகளைப் பார்த்திருக்கிறார்கள். 158 பேரிடமிருந்து 54 லட்சம் டாலர் போயிருந்தது.

அதனால்தான் படத்தின் மேல் எனக்குக் கோபம். டயான் வீஸ்ட் மாதிரி ஒரு நடிகையை இல்லத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, மகனாக வரும் பீட்டர் டிங்க்லேஜ் பின்னால் ஓடிவிடுகிறார் இயக்குநர் ஜே பிளேக்சன். அந்த அம்மாவுக்கு மகன் மாஃபியா தலைவன் என்று ஆனதும் நமக்கு நிம்மதி. சரி, இனி சமமான சண்டை என்று சாய்ந்து உட்காருகிறோம். உங்களுக்குப் படம் அப்போதுதான் ‘நிஜமாகப்’ பட்டது என்பதில் ஆச்சரியமில்லை, துப்பாக்கி நமக்குப் பழகிய விஷயம். போனைப் பிடுங்கிக்கொண்ட பிறகு ஒரு மனுஷி அந்த அறையில் முதல் ராத்திரியை எப்படிக் கழித்தாள் என்பதுதான் எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. அது படத்தில் இல்லை.

மார்லாவைப் பிடித்தது தப்பே இல்லை. பிடிக்கும்படிதான் எடுத்திருக்கிறார்கள். வெட்டிய தலைமுடி, கசங்காத கோட், ஒரு வேப் (மின் சிகரெட்) குழல். ரோசமண்ட் பைக்குக்குக் கோல்டன் குளோப் கிடைத்தது காமெடி, இசைப் படங்கள் பிரிவில் என்பதையும் பாருங்கள். நிஜ மார்லாவான பார்க்ஸுக்கு இந்தப் பளபளப்பெல்லாம் தேவைப்படவில்லை, பில் புத்தகம் போதுமாக இருந்தது. 2017இல் அவர் மேல் 200க்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் பதிவாயின. அடுத்த ஆண்டு கடைசியில் சுரண்டல், திருட்டு, பொய்ச் சத்தியம் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2019 ஜனவரியில் 16 முதல் 40 ஆண்டு வரை சிறை. நெவாடா சட்டத்தையும் திருத்தினார்கள், கார்டியன் மனு வந்தாலே அந்த முதியவருக்கு ஒரு வக்கீல் உண்டு என்று.

படத்தின் முடிவை இங்கே சொல்கிறேன், பார்க்காதவர்கள் தாண்டிப் போகலாம். மாஃபியாக்காரன் அல்ல, முதல் காட்சியில் தாயைப் பார்க்க விடாமல் துரத்தப்பட்ட அந்த இன்னொரு மகன் வந்து மார்லாவைச் சுடுகிறான். எனக்கும் அப்போது ஒரு திருப்தி வந்தது, மறைக்கவில்லை. பார்க்ஸ் விவகாரத்தில் அப்படி எதுவும் இல்லை. அவருடைய தொழிலோடு தொடர்புள்ள ஒரு வாடகை ஸ்டோரேஜ் அறை லாஸ் வேகஸில் கேட்பாரற்றுக் கிடந்தது. உள்ளே இருந்தவை அஸ்திக் கலசங்கள், இருபதுக்கு மேல்.

அன்புடன்.