பேஸ் வாசிப்பவர் இல்லாத ஜாஸ் மூவர் குழு: எதில் தொடங்கலாம்?

"கிட்டார், ஆர்கன், டிரம்ஸ் மட்டுமே உள்ள ஜாஸ் குழுவில் பேஸ் (பாட்டைத் தாங்கும் தாழ்ந்த சுரங்கள்) வாசிப்பது யார்? முதலில் எந்தப் பதிவைக் கேட்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில், கிராண்ட் கிரீனின் 'டாக்கின் அபவுட்' என்ற இசைத்தட்டு. 1964 செப்டம்பர் 11 அன்று நியூ ஜெர்சியில், ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் புளூ நோட் நிறுவனத்துக்காகப் பதிவானது. கிரீன் கிட்டார், லாரி யங் ஆர்கன், எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸ். யங்குக்கு அப்போது 24 வயதுகூட நிறையவில்லை.

பேஸ் வாசிப்பது அந்த இளைஞரின் இடது கைதான். ஹாமண்ட் ஆர்கனில் கட்டைகள் இரண்டு அடுக்காக இருக்கும். வலது கை மேல் அடுக்கில் விளையாட, இடது கை கீழ் அடுக்கில் பேஸ் நடையைச் சற்றும் நிறுத்தாமல் நடத்திச் செல்லும். பல கலைஞர்கள் காலடிப் பெடலையும் இலேசாகத் தட்டி அதற்கு அழுத்தம் கூட்டுவார்கள். இந்தத் தட்டை நான் முதலில் கைபேசி ஒலிபெருக்கியில் கேட்டேன். கிட்டார் மட்டும்தான் காதில் விழுந்தது. பல மாதம் கழித்து நல்ல ஹெட்போனில் கேட்டபோதுதான் அந்த இடது கை பிடிபட்டது. அன்று ஒரே பாட்டை மூன்று முறை கேட்டேன். ஆகவே தயவுசெய்து ஹெட்போனில் கேளுங்கள்.

அந்தப் பாட்டு, தட்டின் முதல் பாட்டான 'டாக்கின் அபவுட் ஜே.சி.'. அதை எழுதியவர் யங், ஜே.சி. என்றால் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன். பதினொரு நிமிடத்துக்கும் மேல் ஓடும். கிரீன் பெரும்பாலும் ஒற்றைச் சுரங்களாகவே வாசிப்பவர். நடுவில் ஒரு சின்னஞ்சிறு சுரத்தொடரைப் பிடித்துக்கொண்டு, திரும்பத் திரும்ப அதையே வாசிப்பார். சுரங்கள் மாறுவதில்லை, ஆனால் கீழே எல்வினின் அடி ஒவ்வொரு சுற்றிலும் மாறிக்கொண்டே வரும். வெப்பம் ஏறுவது அங்கேதான். கிரீன் அதை விட்டு நகரும்போது அடக்கி வைத்திருந்த மூச்சு எனக்கும் வெளியே வரும். எல்வின் அப்போது கோல்ட்ரேனின் நால்வர் குழுவிலேயே வாசித்துக்கொண்டிருந்தார். மூன்றே மாதத்தில், டிசம்பரில், இதே ஸ்டூடியோவில்தான் அந்தக் குழு 'எ லவ் சுப்ரீம்' இசைத்தட்டைப் பதிவு செய்தது.

இது உங்களுக்குப் பிடித்துவிட்டால், அடுத்து 1959இல் கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கமரி தன் மூவர் குழுவுடன் செய்த பதிவைக் கேளுங்கள். ஆர்கன் வாசிப்பவர் மெல்வின் ரைன். வெஸ் பிக் (தந்தி மீட்டும் சிறு தகடு) இல்லாமல் கட்டைவிரலாலேயே மீட்டுவார். அந்த ஒலி கிரீனுடையதைவிட மிருதுவானது, வட்டமானது. இரண்டையும் ஒரே மாலையில் கேட்டால் வித்தியாசம் உடனே புரியும்.